மைனி வந்தால் மூன்று மணி நேரம்

பாளையங்கோட்டையில் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரை நிறுத்தி, ‘காலமும் வேலையும்’ கணக்கை யாரிடம் படிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் கிங்ஸ்டன் சார் பெயரைத்தான் சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கணக்கில் மனிதர் கெட்டிக்காரர். ஏ என்பவர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பார், பி என்பவர் பதினைந்து நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டி இருபத்தைந்து என்று எழுதி வைக்கும். கிங்ஸ்டன் சார் கோபப்பட மாட்டார்.

“ஏலே, ஒத்தையில செஞ்சாலே பத்து நாள்தான். தொணைக்கு ஒருத்தன் வந்தா இருபத்தஞ்சு நாளா? அப்ப அவன் வேலை செய்ய வந்தானா, வேலையக் கெடுக்க வந்தானா?” என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரும்பலகையில் எழுதிவிடுவார். முதல் ஆள் ஒரு நாளில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாவது ஆள் பதினைந்தில் ஒரு பங்கு, கூட்டினால் ஆறில் ஒரு பங்கு, ஆகவே ஆறு நாள். “நாளக் கூட்டாத. ஒரு நாள்ல எம்புட்டு வேலை செய்யுதான்னு பாரு, அதக் கூட்டு.” அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் தப்பு விடாது.

வகுப்பில் ராஜா மாதிரி இருக்கிற மனிதர், பஸ் ஏறி ஊருக்கு வந்து இறங்கும்போது ஒரு சுற்றுச் சிறுத்துத்தான் இறங்குவார். ஊர் ஞானசீலபுரம், ஆற்றுக்கால் ஓரத்தில் கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றிக் கட்டிய ஊர். வீட்டுக்கு ஒரு வாத்தியார், இல்லையென்றால் ஒரு டீச்சர், அதுவும் இல்லையென்றால் தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க். கிங்ஸ்டனின் தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அப்பா ரெவின்யூவில் இருந்தார். அண்ணன் தேவதாசன் சாகும்வரை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். கிங்ஸ்டன் மட்டும் வயது வரம்பு முடிகிற மட்டும் தேர்வு எழுதினார். கணக்கில் ஒரு மார்க் போகாது, மற்றதில் எல்லாம் கவிழ்ந்துவிடும். அவரிடம் படித்தவர்கள் கிராம அலுவலராகி, ஆபீசில் உட்கார்ந்து, ஸ்வீட் டப்பாவோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கல்யாண வீட்டில் யாராவது பெரியவர், “தம்பி இப்ப எந்த ஆபீஸ்ல இருக்கிய?” என்று கேட்டுவிட்டால் போதும், தொண்டையில் சோறு இறங்காது. “கோச்சிங் சென்டர்ல கணக்கு எடுக்கேன்” என்று சொல்வார். “ஓ, தனியாரா” என்று ஒரு தலையாட்டு வரும் பாருங்கள், அந்தத் தலையாட்டுக்குப் பயந்தே பாதிக் கல்யாணங்களுக்கு மனைவி எப்சியை மட்டும் அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த வருஷம் அசனக் கமிட்டிச் செயலாளர் பதவி வந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் ஊரே கோயில் வளாகத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பெயர் அசனம். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ரசமும். வேலை பார்க்கப் போன ஊர்க்காரர்கள் எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் இலை உண்டு. ஆனால் போன வருஷம் அசனம் சந்தி சிரித்துப் போயிற்று. முதல் நாள் சாயங்காலத்துக்குள் உள்ளி உரித்து முடியவில்லை. உள்ளி என்றால் சின்ன வெங்காயம், மலை மாதிரிக் கிடந்தது. அங்கே தொடங்கிய தாமதம் அரைப்பில் ஏறி, குழம்பில் ஏறி, மத்தியானப் பந்தி மூன்று மணிக்குத்தான் உட்கார்ந்தது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். தூத்துக்குடியிலிருந்து காரில் வந்தவர்கள் சாப்பிடாமலே திரும்பிப் போனார்கள்.

“இந்தத் தடவ பன்னிரண்டு மணிக்கு எலை விழும்” என்று கமிட்டிக் கூட்டத்தில் கிங்ஸ்டன் எழுந்து சொன்னார். “உள்ளி உரிப்பு காலமும் வேலையும் கணக்குதான். என்கிட்ட விடுங்க.”

ஊர் அவரை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு பார்வைக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். எப்படியாவது பன்னிரண்டு மணிக்கு இலை விழுந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எவனும் தன்னைத் ‘தனியாரா’ என்று கேட்கக் கூடாது. இதுதான் அவர் மனதில் இருந்தது.

பெண்கள் கூடுகை நடந்த சனிக்கிழமை கிங்ஸ்டன் போனும் கையுமாக அங்கே போய் நின்றார். ஆளுக்கு ஒரு கிண்ணம் உள்ளி கொடுத்து உரிக்கச் சொல்லி, போனில் நேரம் பிடித்தார். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. “வாத்தியாரு எங்களுக்குப் பரீட்ச வைக்காரு” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி பக்கத்துக் கிண்ணத்திலிருந்து உரித்த உள்ளியைத் திருடித் தன் கிண்ணத்தில் போட்டாள். தையல் கடைக் கிரேஸிக்குத்தான் முதல் இடம். விரல் போவது கண்ணுக்குத் தெரியாது, தோல் தானாகக் கழன்று விழும்.

கடைசி இடம் மைனிக்கு. தேவமணி மைனி, செத்துப்போன அண்ணன் தேவதாசனின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் லேசாக வாதம் வந்து போனதில் வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கிவிட்டன. உள்ளியை மடங்கிய விரலில் இடுக்கி, இடது கையால் கத்தியைப் பிடித்து, ஒன்றை உரிப்பதற்குள் கிரேஸி ஒரு பிடி உரித்துவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை. மைனிக்கு வாய் சும்மா இருக்காது. அந்தக் காலத்து உபதேசியாரின் ஆடு பிரசங்கத்துக்கு நடுவில் கோயிலுக்குள் வந்து, காணிக்கைக்கு வைத்த வாழைக்குலையைத் தின்றுகொண்டே ஆல்ட்டருக்குப் போன கதையை ஆரம்பித்தார். ஆடு நடந்த நடையை உட்கார்ந்தபடியே தோளை ஆட்டிக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கிரேஸியும்தான். கிங்ஸ்டன் போனைப் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கையும் ஓடவில்லை.

‘பிடித்துவிட்டேன்’ என்று நினைத்துக்கொண்டார். போன வருஷம் எங்கே ஒழுகியது என்று கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷத்தோடுதான் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனார். அன்றைக்குப் பாடம் தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பும், அடியில் ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், மூன்றையும் திறந்தால் எப்போது நிரம்பும்? சென்டரில் வகுப்பைப் படம் பிடித்து யூடியூபில் போடுவார்கள் என்பதால் ஸ்டாண்டில் போன் நின்றது. முன் பெஞ்சில் முத்துமாலை என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு. அவன் எழுந்து கேட்டான்.

“சார், தொட்டிக்குத் தண்ணி விடும்போது எவனாது கீழ்க்குழாயத் தொறந்து வைப்பானா சார்? இதெல்லாம் நடக்கிற காரியமா?”

வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி. கிங்ஸ்டனுக்கு நாக்கு நமநமவென்றது.

“ஏன்லே நடக்காது? எங்க மைனி இருக்காங்கள்ல” என்றார்.

மூன்றாவது பெஞ்சில் மைனியின் மகள் ரீபா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பிள்ளை, அவரிடமே படித்து இந்த வருஷம் குரூப் தேர்வு எழுத இருக்கிறவள், அப்பாவுக்குப் பிறகு வீட்டில் அரசு வேலைக்குப் போவாள் என்று எல்லோரும் நம்புகிற பிள்ளை. மைனி என்ற சொல் காதில் விழுந்ததும் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கிங்ஸ்டனும் அவளைப் பார்த்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை என்று பிறகு அவரால் சொல்லவே முடியாது. பார்த்தார், பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. வகுப்பு அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தது.

“ஒரு பெட்டி உள்ளி. கிரேஸி தனியா உரிச்சா மூணு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரி உரிச்சா ஆறு மணி நேரம். ரெண்டு பேரும் சேந்தா எம்புட்டு?”

“ரெண்டு மணி நேரம் சார்!”

“இப்ப எங்க மைனி வாராங்க. கைல கத்தி இருக்கு, ஆனா வெரலு மடங்கிட்டு.” அவர் தன் வலது கை விரல்களை மடக்கிக் காட்டினார். அதோடு விட்டாரா, தோளை ஆட்டி ஆடு நடந்த நடையும் நடந்து காட்டினார். “வாய் மட்டும் ஓடுது. மத்தவ கையும் நின்னு போவுது. அவங்கதான் கீழ்க்குழாய். ஆறு மணி நேரத்துல ஒரு பெட்டியக் காலி பண்ணிருவாங்க. இப்பக் கணக்கப் போடுங்க.”

மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, கழித்தல் ஆறில் ஒன்று.

“மூணு மணி நேரம் சார்!”

“பாத்தியா? மைனி வராட்டா ரெண்டு மணி நேரம், மைனி வந்தா மூணு மணி நேரம். இனிமே கீழ்க்குழாய மறப்பியளா?”

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவருடைய வகுப்பில் அதுவரை விழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். ரீபா குனிந்து நோட்டில் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பாவம், எழுதாமல் என்ன செய்வாள்? மறுநாள் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். அதற்கடுத்த வாரம் வரவே இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று கிங்ஸ்டன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய் என்ன காய்ச்சல் என்று கேட்க மட்டும் கால் வரவில்லை.

ஆனால் வேறொரு வேலையாக அந்த வீட்டுக்குப் போக வேண்டித்தான் வந்தது. உள்ளி உரிக்க விரலோட்டம் உள்ளவர்களை மட்டும் கூப்பிடுவது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கைவலிக்காரிகள், கண் தெரியாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று பத்துப் பதினோரு வீட்டை ஒதுக்கியாயிற்று. அந்தந்த வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது செயலாளர் பொறுப்பு.

மைனி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மடங்கின விரலால் கிளிப்பை அமுக்க முடியாமல் பல்லால் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மைனி, நாளைக்கு உள்ளி உரிக்க நீங்க வராண்டாம். கை வலிக்கும்லா. ரெஸ்ட் எடுங்க.”

மைனி கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். “அப்ப நான் எங்கன இருக்கட்டும்?”

“வீட்லயே இருங்க. மறுநாள் நேரா பந்திக்கு வந்துருங்க. பன்னிரண்டு மணிக்கெல்லாம் எலை போட்டுருவோம்.”

மைனி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதிலுக்கு ஒரு கேலி வரும் என்று கிங்ஸ்டன் காத்திருந்தார். அந்த வாயிலிருந்து கேலி வராமல் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை.

“சரி தம்பி” என்றார் மைனி. அவ்வளவுதான். எப்போது போனாலும் காப்பியோடு வருகிற ரீபா அன்றைக்கு உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிங்ஸ்டன் மளமளவென்று தெருவுக்கு வந்துவிட்டார்.

உள்ளி உரிப்பு நாள். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் தார்ப்பாய் விரித்து, பெட்டி பெட்டியாக உள்ளி. அழைத்தவர்கள் மட்டும் வந்தார்கள். கிங்ஸ்டன் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்தார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, தோல் உரியும் சரசரப்பு மட்டும்தான். கணக்கு அச்சுப் பிசகவில்லை. சாயங்காலம் ஆகும் முன்னே, வெயில் இன்னும் கோயில் சுவரில் இருக்கும்போதே, கடைசிப் பெட்டியும் காலி. வழக்கமாக வேலை முடிந்தாலும் இருட்டுகிற மட்டும் உட்கார்ந்து அரட்டையடித்து, அந்தி ஜெபத்துக்கும் இருந்துவிட்டுப் போகிற பெண்கள், சேலையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் புறப்பட்டார்கள்.

“அதுக்குள்ள கெளம்பிட்டீங்களே கிரேஸி” என்றார் கிங்ஸ்டன்.

“வேலைதான் முடிஞ்சிட்டே. வேற என்ன இருக்கு இங்கன?” என்றாள் கிரேஸி.

மனிதர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்.

மறுநாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இலை விழுந்தது. சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்தார். பனையோலைப் பெட்டிகளில் ஆவி பறக்கச் சோறு வந்தது. தூத்துக்குடிக் கார்க்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “எந்த ஆபீஸ்” என்று கேட்கிற அந்தப் பெரியவரே எழுந்து வந்து, “நம்ம சபையில இப்படி ஒரு மூளை இருக்கதே தெரியாமப் போச்சு வே” என்று தோளில் தட்டினார். கிங்ஸ்டனுக்கு நெஞ்சு நிறைந்தது. பந்தி முடிந்ததும் பொன்னாடை போர்த்துவதாக ஐயர் காதோடு காதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் பெண்கள் வரிசையில் அந்த ஓட்டைகளைப் பார்த்தார். இலை கிடக்கிறது, தண்ணீர் தெளித்தாயிற்று, முன்னால் ஆள் இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல. மைனி எப்போதும் உட்காருகிற தூண் பக்கத்து இடமும் காலி. தூரத்தில் நின்ற கோயில் ஊழியர் உபதேசியாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இவங்கள்லாம் ஏன் வரல? நான் வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேனே?”

உபதேசியார் விநோதமாகப் பார்த்தார். “கை வைக்காத வீடு எப்படி வே எலைக்கு வரும்? அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு கை உண்டும்லா. உள்ளியோ, தண்ணியோ, வெறகோ.”

“அப்படி எவன் சட்டம் போட்டான்?”

“யாரும் போடல. எல்லாரும் வந்துக்கிட்டே இருந்தாவ. வராண்டாம்னு இதுக்கு முன்ன யாரும் சொன்னதில்ல.”

கிங்ஸ்டனுக்குச் சுருக்கென்றது. இந்த ஊரிலேயே பிறந்து, வருஷா வருஷம் இதே பந்தியில் தின்று வளர்ந்தவர். இதுகூடத் தெரியாமல் போயிற்றே! ஒதுக்கப்பட்ட வீடுகளில் பெண்கள் வராததால் ஆண்களும் வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு இலை போடுகிற அவசரத்தில் ஊரில் பத்துப் பதினோரு வீட்டைப் பட்டினி போட்டாயிற்று. இதற்கா பொன்னாடை?

பட்ட காலிலே இன்னொரு இடி. சென்டர் பையன்கள் நாலைந்து பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். முத்துமாலை வாய் நிறையச் சோற்றோடு பெண்கள் வரிசையை நோட்டம் விட்டுக்கொண்டே உரக்கக் கேட்டான்.

“சார், இதுல அந்த மைனி யாரு சார்? ஆடு மாதிரி நடப்பாங்கன்னு நடந்து காட்டினீங்களே?”

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒருத்தர்கூட ‘எந்த மைனி’ என்று கேட்கவில்லை. அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் எப்சி ரச வாளியோடு நின்றாள்.

“இவங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்று அவளிடம் குரல் எழும்பாமல் கேட்டார்.

“அந்த வகுப்பு வீடியோ எல்லார் போன்லயும்தான் ஓடுது. உங்களுக்கு வகுப்பெடுக்கத் தெரியும், வேற என்ன தெரியும்?”

“மைனிக்கு?”

“எனக்குக் காட்டினதே அவங்கதான்” என்றாள் எப்சி. “‘ஒம் மாப்பிள்ள என்னைய மாதிரியே நடக்கான் பாருட்டி’ன்னு சிரிச்சுக்கிட்டே காட்டினாங்க. சிரிச்சு முடிச்சதும் போன எங்கிட்டயே விட்டுட்டு உள்ள போய்ட்டாங்க. அன்னைக்கே உங்கட்ட சொல்லியிருக்கணும். எனக்குத்தான் வாய் வரல.”

எப்போது என்று கிங்ஸ்டன் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? முற்றத்தில் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போதே மைனிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ‘சரி தம்பி’ என்றார். உடம்பெல்லாம் கூசிப் போயிற்று அவருக்கு. சட்டையைக் கழற்றிவிட்டால்கூட அந்தக் கூச்சம் போகாது போல இருந்தது. பின்னால் ஐயர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பாமல் கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அடுக்களைத் தரையில் மைனி முறத்தில் கொஞ்சம் உள்ளி வைத்து உரித்துக்கொண்டிருந்தார். ஊரே கறிச்சோறு தின்கிற நாளில் அடுப்பில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்புக்குச் சட்டி ஏறியிருந்தது. ரீபா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“மைனி, பந்திக்கு வாங்க” என்றார் கிங்ஸ்டன். குரல் அவருடையதாகவே இல்லை.

“நான் வந்தா பந்தி முடிய நேரமாவும்லா தம்பி” என்றார் மைனி.

கிங்ஸ்டன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கோவத்துல சொல்லல” என்று மைனியே தொடர்ந்தார். “கை வைக்காம எப்படி எலையில உக்காருவேன்? உங்க அண்ணன் செத்த வருசங்கூட நான் ஓரமா இருந்து ரெண்டு உள்ளி உரிச்சுட்டுத்தான் சாப்ட்டேன். நீ போ. நீ போய் உக்காந்து சாப்புடு. நீதான் கை வச்சேல்லா.”

கிங்ஸ்டன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நேற்று முழுக்க இரண்டு கையிலும் போன்தான் இருந்தது. ஒரு உள்ளியைத் தொடவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை, ஒரு சுள்ளி எடுத்துக் கொடுக்கவில்லை. ஊரில் ஒரு கைகூட வைக்காமல் பந்தி முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஒரே ஆள் அவர்தான். அந்த இலைக்கு மைனியைவிடத் தகுதி இல்லாதவர் அவர்.

“நானும் வைக்கல மைனி” என்றார்.

ரீபா பக்கம் திரும்பினார். திரும்பாமல் இருந்திருக்கலாம். “மக்கா, நீ ஏன் வகுப்புக்கு வரல? பரீட்ச பக்கத்துல வந்துட்டே.”

ரீபா தலையைத் தூக்கவில்லை. “கிளாஸ்ல என்னைய இப்ப என்ன சொல்லிக் கூப்புடுதாங்க, தெரியுமா சித்தப்பா?”

அவருக்குத் தெரியாது.

“குழாய் மவ.”

அடுப்பில் சட்டி காய்ந்து புகைந்தது. மைனி எட்டி அடுப்பைத் தணித்தார். மகளைப் பார்த்து, “விடுட்டி” என்றார். கிங்ஸ்டன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ‘குழாய் மவ’ என்ற சொல்லை எத்தனை போனிலிருந்து அழிக்கும் ஒரு மன்னிப்பு? சென்டரில் சொல்லிப் படத்தை எடுத்துவிடலாம், பையன்கள் நாக்கிலிருந்து எடுக்க முடியுமா? இனி எந்தத் தொட்டியில் எந்தக் கீழ்க்குழாயைத் திறந்தாலும் ஒரு பையன் சிரிப்பான்.

முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு உள்ளியை எடுத்தார். கத்தி இல்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தார், தோல் பாதியில் பிய்ந்தது. இன்னொன்று எடுத்தார், அதில் சதையும் சேர்ந்து வந்தது. கண் எரிந்து நீர் வழிந்தது. அது உள்ளிக்கு வந்ததாகவே இருக்கட்டும். மைனி பேசுவார், ஆட்டுக் கதையோ வேறு எந்தக் கதையோ சொல்வார் என்று எதிர்பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை. மைனி மடங்கின விரலில் உள்ளியை இடுக்கிப் பைய உரித்துக்கொண்டே இருந்தார். கத்தி தோலில் படும் சத்தம்தான் கேட்டது, நேற்று வேப்பமரத்தடியில் கேட்டதைப் போல.

கிங்ஸ்டன் உரித்துப் போட்ட உள்ளியை எல்லாம் மைனி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் தோல் ஒட்டியிருந்தது. ஒன்றில் வேர் அப்படியே இருந்தது. அவற்றைத் தன் பக்கம் தள்ளி, திரும்பவும் முதலிலிருந்து உரிக்கத் தொடங்கினார். கிங்ஸ்டன் ஒன்று போட்டால் மைனிக்கு ஒன்று கூடியது. முறத்தில் வேலை குறையவே இல்லை.

“நீ வராட்டா இது எப்பவோ முடிஞ்சிருக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு, மைனி தன் பழைய சிரிப்பை அவிழ்த்துவிட்டார். தோள் குலுங்க, மடங்கின கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிங்ஸ்டனும் சிரிக்க முயன்றார். உதடு கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை.

ரீபா சிரிக்கவில்லை. சித்தப்பா உரித்துப் போட்ட உள்ளியில் ஒன்றை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல், ஒட்டியிருந்த தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.